நெவில் கார்பட் போட்ட மதிப்பெண்

ஒரு துண்டு பழக்கேக்குக்காக ஒரு கல்யாணத்தை உடைத்தவன் நான். முப்பத்தாறு வருடத்துக் கல்யாணம். கேக்கும் அப்படியொன்றும் பிரமாதமில்லை. உலர்திராட்சையில் கஞ்சத்தனம் பண்ணியிருந்தார்கள்.

வியாழக்கிழமை காலை, மணி பதினொன்று. என் பாஸ் மொய்ரா போஸ்ட்கேட் எனக்குக் கொடுத்திருந்த உத்தரவு மூன்றே வரி. கேனர் கார்பட் வீட்டுக்குப் போ. தோட்டத்துக் கண்ணாடி அறையில் அவர் கணவர் நெவில் எதையாவது ஒளித்து வைத்திருக்கிறாரா என்று தேடு. கிடைத்தால் எடுத்துக்கொண்டு வா, வாயைத் திறக்காதே.

முதல் இரண்டையும் அருமையாகச் செய்தேன். தக்காளி உரப் பைக்குள் ஒரு நீல அட்டை நோட்டு. உள்ளே வரிசையாக ஆன்லைன் சூதாட்ட சைட்டுகளின் பெயர்கள், ஒவ்வொன்றின் லைசென்ஸ் எண், தேதி, நேரம், என்னென்னவோ குறிப்புகள். கோட்டுக்குள் செருகிக்கொண்டு சமையலறை வழியாக வெளியேறப் பார்த்தேன். மேசையில் டீ. பக்கத்தில் கேக். எதிரே கேனர்.

"கெடச்சுதா, கண்ணு?"

"கெடச்சுது" என்றேன், வாய் நிறைய.

"ஆடுறாரா?"

'பாஸ் வந்து சொல்லுவாங்க' என்று சொல்லியிருக்க வேண்டும். நான் ரெட்கார் கடற்கரைச் சாலையில் பதினோரு வருடம் பிங்கோ ஹாலில் மைக் பிடித்து எண் கூவியவன். எதிரே கேட்க ஒரு ஆள் இருந்தால் போதும், என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொள்ளும்.

"ஆடுறாராவா? ஆறு சைட்டு, கேனர்! அத்தனையும் லைசென்ஸ் வாங்கினது. ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டு, மார்க் போட்டு ஆடுறார். வாஷிங் மெஷின் வாங்கப் போறவங்ககூட இவ்வளவு பாத்துப் பாத்து வாங்க மாட்டாங்க."

சிரிப்பார் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அவர் டீக் கோப்பையைத் தட்டில் வைத்தார். கைப்பிடியை ஒரு முறை சரியான பக்கம் திருப்பி வைத்தார்.

"லைசென்ஸ் வாங்கினது" என்றார். "ஜோயல் ஆடுனதும் லைசென்ஸ் வாங்கினதுதான்."

எழுந்து மாடிக்குப் போனார். பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, தன் அக்காவிடம் போனில் பேசும் சத்தம்.

ஜோயல் அவர்களுடைய ஒரே பிள்ளை. பார்சல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். பதினான்கு மாதம் முன்பு, இருபத்தேழு வயதில், தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டான். விட்டுப்போன கடிதத்தில் மன்னிப்பைத் தவிர வேறெதுவும் இல்லை. மிச்சத்தை அவனுடைய போன் சொன்னது.

மாடியிலிருந்து பெட்டியோடு இறங்கிய கேனர் என்னைப் பார்த்து, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "மூணு மணிக்கு எங்க அக்கா ஹெக்ஸம்ல இருந்து கார் எடுத்துக்கிட்டு வர்றா. நான் போயிடுவேன். இந்த வீட்டுல இதை ரெண்டாவது தடவை பாக்க என்னால ஆகாது, கண்ணு. மிச்ச கேக்கையும் எடுத்துக்கோ."

எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கும் ஒரு அளவு இருக்கிறது.

*

எங்கள் துப்பறியும் அலுவலகம் தூண்டில் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. புழு வாசனை இலவசம். மொய்ராவுக்கு அறுபத்தொன்று. இருபத்தாறு வருடம் பந்தயக் கடையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டு வாங்கியவர். ஒரு மனிதன் கடைக் கதவைத் தள்ளும் விதத்திலேயே அவன் பையில் இருப்பது சம்பளமா, வாடகையா என்று சொல்லிவிடுவார். கடையை மூடியபோது கிடைத்த பணத்தில் இந்தத் தொழிலைத் தொடங்கினார். என்னை ஏன் சேர்த்துக்கொண்டார் என்பது அவரே இன்னும் துப்பறியாத ஒரு கேஸ்.

நான் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. அது நல்ல சகுனம் இல்லை.

"எத்தனை வார்த்தை பேசுன, டெஸ்?"

"ஒரு பதினெட்டு இருக்கும், பாஸ்."

"ஒரு வார்த்தைக்கு ரெண்டு வருஷம்னு அவங்க கல்யாணத்தைக் கழிச்சிட்ட. நோட்டைக் குடு."

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டைப் புரட்டினார். பிறகு கம்ப்யூட்டரில் அந்த ஆறு பெயர்களையும் தட்டினார். ஒரு பக்கம் திறந்தது. 'பிரிட்டன் ஆட்டக்காரர்களுக்கு லைசென்ஸ் பெற்ற பத்து சிறந்த சைட்டுகள்: எங்கள் ஒப்பீடு'. தங்க நட்சத்திரங்கள் மின்னின. சிரிக்கும் ஒரு பெண் சீட்டுக்கட்டை விசிறி மாதிரி பிடித்திருந்தாள்.

"பாத்தியா? நெவில் எழுதியிருக்கற ஆறும் இந்தப் பட்டியலோட முதல் ஆறு. அதே வரிசை."

"அப்ப இதைப் பாத்துதான் ஆடுறார். நான் சொன்னது சரிதானே?"

"இந்தப் பக்கம் எதை எதையெல்லாம் ஒப்பிடுது, படி."

படித்தேன். சேரும்போது தரும் போனஸ். சக்கரம் சுழலும் ஆட்டங்கள் எத்தனை விதம். ஜெயித்த பணம் எத்தனை மணி நேரத்தில் கைக்கு வரும். ஒவ்வொன்றின் கீழும் 'இப்போதே சேருங்கள்' என்று ஒரு பச்சைப் பொத்தான். அதை அமுக்கி ஒருவன் உள்ளே போனால் இந்தப் பட்டியலைப் போட்டவனுக்குக் கமிஷன்.

"இப்ப நெவிலோட நோட்டுல போனஸ் எங்க இருக்கு?"

தேடினேன். இல்லை.

"ஆட்டம் எத்தனை?"

இல்லை.

"ஜெயிச்ச காசு எப்ப வரும்?"

அதுவும் இல்லை. மொய்ரா கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"இருபத்தாறு வருஷத்துல, ஜெயிச்சா எவ்வளவுன்னு கேக்காம சீட்டு வாங்கிட்டுப் போன ஒரு ஆளைக்கூட நான் பாத்ததில்ல. இவர் கார் வாங்கப் போயிட்டு கதவு எவ்வளவு சத்தமா சாத்துதுன்னு அளந்துட்டு வந்திருக்கார். என்னத்த அளந்தார்?"

முதல் பக்கத்தில் மூன்று சைட்டுகளுக்கான வரிகள் இருந்தன. எழுத்து அச்சடித்த மாதிரி. நெவில் முப்பது வருடம் எஃகு ஆலையில், உலையின் சூட்டைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தவர். உலை அணைந்து வருடங்கள் ஆகியும் கை அணையவில்லை. ஒவ்வொரு வரியிலும் பணம் போட்ட வரிசை ஒன்றேதான்: இருபது, இருபது, நாற்பது, எண்பது பவுண்டு. மூன்று சைட்டிலும் அச்சு மாறாமல் அதே. கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பில்லை. மூன்றிலும் வெறும் கோடு.

"அதிர்ஷ்டத்துக்காக ஒரே மாதிரி போடுறார் போல" என்றேன். "எங்க பிங்கோ ஹால்ல ஒரு அம்மா பதினோரு வருஷமும் ஒரே தொப்பிதான் போட்டாங்க."

"நேரத்தைப் பாரு."

தொடக்கம் ஒன்று பத்து. முடிவு ஒன்று ஐம்பது. மூன்று வரியிலும்.

"நாப்பது நிமிஷம். நம்ம சாப்பாட்டு நேரம் மாதிரி" என்று சொல்லிவிட்டு நானே நின்றேன். அபூர்வமாக எனக்கும் மூளை எட்டிப் பார்க்கும். "பாஸ், அவர் வேலையை விட்டு எத்தனை வருஷம் ஆச்சு? வேலை இல்லாத ஆளுக்கு எதுக்கு சாப்பாட்டு இடைவேளை?"

மொய்ரா நோட்டை மூடினார்.

"சரியான கேள்வி. யாரோட இடைவேளை அது?"

"அதை விடுங்க. கேனர் மூணு மணிக்குப் போயிடுவாங்க. அவர் ஆடுறாரா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"கோட்டை எடு" என்றார் மொய்ரா.

*

பார்சல் கிடங்கின் வாசலில் வேன்கள் வரிசையாக நின்றன. கடலிலிருந்து வந்த பனிமூட்டம் எல்லாவற்றின் மேலும் ஈரச் சாக்கை விரித்த மாதிரி கிடந்தது. ஜோயலோடு வேலை பார்த்தவர் கெயில் என்ற பெண். நாற்பது வயது இருக்கும்; வேனின் பின்கதவில் உட்கார்ந்து காகிதப் பொட்டலத்திலிருந்து பார்மோ, அதாவது சீஸ் உருக்கிய கோழி வறுவல், தின்றுகொண்டிருந்தார். சீஸ் நூல் நூலாக இழுத்தது. பட்டினியாக இருந்த நான் மரியாதைக்காகக் கடலைப் பார்த்தேன்.

"ஜோயலா?" கெயிலின் கை நின்றது. "அவனுக்கு இடைவேளை ஒண்ணு பத்துல இருந்து ஒண்ணு ஐம்பது. எங்க எல்லாருக்கும் அதான். ஆனா அவன் இங்க இருக்க மாட்டான். வேனை எடுத்துக்கிட்டு சவுத் கேருக்குப் போயிடுவான். அலைதடுப்போட கடைசி வரைக்கும்."

"எதுக்கு அவ்வளவு தூரம்?" என்றார் மொய்ரா.

"சீல்னு கடல்நாய் இருக்கே, அதைப் பாக்கறேன்னு சொல்லுவான். நாங்க கிண்டல் பண்ணுவோம். 'என்னடா, இன்னிக்கு உன் பொண்டாட்டி மீசையை மழிச்சாளா'ன்னு." சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "அங்க சிக்னல் நல்லா கெடைக்கும். அது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது."

"இதே கேள்வியை வேற யாராச்சும் வந்து கேட்டாங்களா?"

"அவன் அப்பா. ரெண்டு மாசம் இருக்கும். எத்தனை மணிக்குப் போவான், எங்க நிறுத்துவான், வண்டி எந்தப் பக்கம் பாத்து நிக்கும்னு. எல்லாத்தையும் ஒரு நீல நோட்டுல எழுதிக்கிட்டார். கிளம்பும்போது ஒண்ணு கேட்டார் பாருங்க..." கெயில் பொட்டலத்தை மடித்தார். பாதி மிச்சமிருந்தது. "'நல்லா இருக்கியாடான்னு அவனை யாராவது கேட்டீங்களாம்மா'ன்னார். குத்தமா சொல்லல. தெரிஞ்சுக்க கேட்டார். நாலு வருஷம் பக்கத்துப் பக்கத்து வேன் நாங்க. தினம் நாப்பது நிமிஷம் தனியா போனான். நான் ஒரு நாள்கூட கேக்கல. சீல் ஜோக்தான் அடிச்சேன்."

ஜோக் அடிப்பவனாக நான் அந்த இடத்தில் என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவங்க அப்பா இப்ப ஆடுறாரா, கெயில்? உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?" என்று கேட்டேன்.

"நான் பார்சல் குடுக்கறவ, தம்பி. பிரிச்சுப் பாக்கறதில்ல."

காரில் ஏறியதும் மொய்ரா பெல்ட்டைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். கடையில் யாராவது கடைசிப் பணத்தைத் தள்ளும்போது அவர் முகம் இப்படித்தான் ஆகுமாம். அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். கண்ணாடியைத் தட்டி, 'வீட்டுக்குப் போ ராசா, நாளைக்கு வா' என்பாராம். மேலதிகாரி இரண்டு முறை எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தாராம். இரண்டையும் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டியிருக்கிறார்.

"ஓட்டு" என்றார். "மணி என்ன?"

"ஒண்ணு பதினெட்டு."

"அப்ப அவர் அங்கதான் இருக்கார்."

*

சவுத் கேர் என்பது கடலுக்குள் நீட்டிய ஒரு கை. ஆலைக் கசடைக் கொட்டிக் கட்டியது. வலப்பக்கம் மீனவர்களின் பச்சைக் குடிசைகள். அதைத் தாண்டினால் கல், காற்று, கலங்கரை விளக்கம். முனையில் ஒரே ஒரு கார் நின்றது. பழைய சாம்பல் நிறக் கார். அதன் மூக்கு ஆற்று முகத்துவாரப் பக்கம். உள்ளே ஒருவர்.

மொய்ரா முன்பக்கக் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். காருக்குள் தக்காளிச் செடி வாசனை. நெவில் கார்பட் ஒல்லியான மனிதர். குளிர்த்தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டிருந்தார். போனை ஒரு தாங்கியில் மாட்டியிருந்தார். மடியில் பிரிக்காத சாண்ட்விச்.

"யார் நீங்க?"

"உங்க மனைவி அனுப்பின ஆளுங்க. நான் மொய்ரா. பின்னாடி இருக்கறவன் டெஸ். அவன் காலையில ஒரு தப்பு பண்ணிட்டான். அதைச் சரி பண்ண வந்திருக்கோம்."

நான் நீல நோட்டைப் பின்னாலிருந்து நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். தொலைந்துபோன பொருளைப் பார்க்கிற பார்வை இல்லை அது; யார் வீட்டுச் சாமானோ என்கிற மாதிரி பார்த்தார்.

"இது உரப் பையிலதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு" என்றார் மொய்ரா. "மிஸ்டர் கார்பட், நான் சொல்றது தப்புன்னா நிறுத்துங்க. இருபது, இருபது, நாப்பது, எண்பது. அது உங்க கணக்கு இல்ல. ஜோயலோட பாங்க் காகிதத்துல கடைசி நாள் இருந்த வரிசை. நேரம் அவனோட நேரம். இடம் அவனோட இடம். வண்டி நிக்கற திசைகூட. அவன் அந்த நாப்பது நிமிஷம் செஞ்சதை நீங்க ஒவ்வொரு சைட்லயும் அப்படியே செஞ்சு பாக்கறீங்க."

நெவில் நிறுத்தவில்லை.

"லைசென்ஸ் வெச்சிருக்கறவன், ஒரு ஆள் நிலை தவறி ஆடறான்னு தெரிஞ்சா நிறுத்திக் கேக்கணும். அது லைசென்ஸோட நிபந்தனை. அந்தத் தலைப்பில்லாத கட்டத்துல நீங்க எழுதினது, எத்தனை நிமிஷம் கழிச்சு கேட்டாங்கங்கறது. கோடு போட்டிருந்தா, கேக்கவே இல்லன்னு அர்த்தம்."

வெளியே ஒரு கப்பல் மூட்டத்துக்குள்ளிருந்து ஊதியது. நெவில் தொண்டையைச் செருமினார்.

"அவன் போன்ல அந்தப் பட்டியல் திறந்தே இருந்துச்சு" என்றார். "பத்து சிறந்த சைட்டு. நட்சத்திரம் போட்டு. அவன் முதல் இடத்துல இருந்ததை அமுக்கியிருக்கான். எல்லாரும் முதல்ல இருக்கறதைத்தானே அமுக்குவாங்க. நான் நினைச்சேன்... ரெண்டாவதை அமுக்கியிருந்தா? நாலாவதை? எங்கயாவது ஒருத்தன் கேட்டிருப்பானா? எந்தப் பட்டியல்லயும் அதைப் போடல. போனஸ் போட்டிருக்கான். படம் போட்டிருக்கான். 'உன் பையனை எவன் நிறுத்துவான்'னு போடல. சரி, நானே அளந்துடறேன்னு வந்தேன். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

நோட்டின் இரண்டாவது பக்கத்தை நான் திருப்பினேன். நான்காவது சைட்டுக்கு நேரே, கோடு இருக்க வேண்டிய இடத்தில், 22.

"நாலாவதுல கேட்டாங்களா?" என்றேன்.

"கேட்டாங்க. இருபத்திரண்டாவது நிமிஷம். ஆட்டம் நின்னு போச்சு. ஒரு பொண்ணு எழுதினா. பேர் பிரியோனி. 'நீங்கள் நலமாக இருக்கிறீர்களா, கொஞ்சம் நிறுத்தலாமா'ன்னு." அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். "நாலாவது இடம். பட்டியல்ல மூணரை நட்சத்திரம். விரலை இன்னும் ரெண்டு அங்குலம் கீழ இறக்கியிருந்தா போதும்."

மொய்ரா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இருபத்தாறு வருடம் அந்தக் கைக்கும் ஆட்டக்காரர்களுக்கும் நடுவே கண்ணாடி இருந்தது. இப்போது இல்லை. நான் மூக்கைச் சிந்தினேன், சத்தமாக. எனக்கு அழகாக அழ வராது.

ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பிங்கோ ஹாலே எழுந்து கைதட்டியது. அவர் ஆடவில்லை! சோதனை செய்கிறார்! டெஸ் ட்ராட்டில்ஸ் உளறினான். உலகத்தில் இதைவிட இனிமையான செய்தி உண்டா? மணி ஒன்று ஐம்பத்தைந்து. ஹெக்ஸம் அக்கா இன்னும் பாதி வழியில் இருப்பார். பெட்டியை மறுபடி மாடிக்குத் தூக்குவதற்கு நானே போகிறேன், கேக் இல்லாமலே.

போனை எடுத்துக் கேனரை அழைத்தேன். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டார்.

"கேனர், நான் டெஸ். காலையில நான் சொன்னது இருக்கே, அது..."

"கதை வேண்டாம், கண்ணு" என்றார் கேனர். குரல் காருக்குள் எல்லோருக்கும் கேட்டது. "ஆடுறாரா, இல்லையா?"

வாயைத் திறந்தேன். அப்போதுதான் என் கண், என் அனுமதி இல்லாமல், முன்னால் தாங்கியில் இருந்த நெவிலின் போன் மேல் விழுந்தது.

திரை எரிந்துகொண்டிருந்தது. மூன்று சக்கரங்கள் சுழன்று நின்றன. பொன்னிற மணிகள், ஒரு எலுமிச்சை. நாங்கள் ஏறுவதற்கு முன்பே அவர் தொடங்கி வைத்த தானியங்கி ஆட்டம்; யாரும் தொடாமலே மறுபடி சுழன்றது.

மணி ஒன்று ஐம்பத்தாறு. இடைவேளை முடிந்து ஆறு நிமிடம்.

என் மடியில் நோட்டு திறந்து கிடந்தது. கடைசி வரியின் தேதியைப் பார்த்தேன். மூன்று வாரம் பழையது.

நான் பெரிய துப்பறிவாளன் இல்லை. என் துப்பெல்லாம் எதன் மேலாவது தடுக்கி விழுந்து கண்டுபிடிப்பவை. ஆனால் இது எனக்கே தெரிந்தது. சோதனை செய்கிறவருக்கு எழுத நோட்டு வேண்டும். நோட்டு காலையிலிருந்து எங்கள் கையில் இருக்கிறது. அவர் அதைத் தேடவே இல்லை.

மொய்ராவைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கு முன்பே தெரிந்துவிட்டது. எப்போது தெரிந்ததோ. அவர் நெவிலின் கையை விடாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு கேள்வியை அவர் கேட்கப்போவதில்லை.

"மிஸ்டர் கார்பட்" என்றேன். "நோட்டு எங்கிட்ட இருக்கு. இன்னிக்கு எதுல எழுதுறீங்க?"

அவர் சக்கரங்களைப் பார்த்தார்.

"ஏழாவது சைட்டு இது" என்றார். "இன்னும் மூணு பாக்கி. பட்டியல் முழுசா முடிக்கணும் இல்லையா. பாதியில விட்டா அளவுக்கு மதிப்பில்ல."

"எதுல எழுதுறீங்க?"

"அப்புறமா ஞாபகத்துல இருந்து எழுதிக்கலாம்னு..."

முப்பது வருடம் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதியவர். ஞாபகத்திலிருந்து. அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும்; வாக்கியத்தை முடிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு பிரியோனி" என்றார். "அவ கேட்டதும் நான் என்ன பண்ணியிருக்கணும்? ஜோயலுக்காக ஒருத்தி கேட்டுட்டா. அழுதிருக்கணும். நோட்டுல எழுதிட்டு காரை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிருக்கணும். இருபத்திரண்டுன்னு எழுதினேன். எழுதிட்டு, 'நல்லா இருக்கேன், நன்றி'ன்னு அவளுக்குத் தட்டிட்டு, மறுபடி அமுக்கினேன். எண்பது போட்ட இடம். அது சுத்தறப்போ, டெஸ், அந்த மூணு நொடி... அந்த மூணு நொடி எனக்குப் பையன் செத்ததே ஞாபகம் இல்ல."

சக்கரங்கள் சுழன்றன. என் கையில் இருந்த போனில் கேனர் மூச்சு விடுவது கேட்டது. அவர் போனை வைக்கவில்லை.

"கேனர் கேட்டுக்கிட்டு இருக்காங்க" என்றேன். மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

"தெரியும்" என்றார் நெவில்.

காலையிலிருந்து இந்தக் கேள்வியை எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருவர் கோட்டை எடு என்றார், ஒருவர் பார்சல் என்றார், ஒருவர் பட்டியல் என்றார். நானே ஒரு பதில் சொன்னேன், கேக்கை மென்றுகொண்டு. வாழ்க்கையில் நான் கண்டுபிடித்துச் சொன்ன ஒரே உண்மை பொய்யாகிப் போகட்டும் என்று கலங்கரை விளக்கத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். போனை முன்னிருக்கைக்கு நடுவே நீட்டிப் பிடித்தேன்.

"மிஸ்டர் கார்பட். நீங்க ஆடுறீங்களா, இல்லையா?"

அவர் கையை நீட்டித் திரையை அணைத்தார். முதல் தடவையாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நனைந்த கண்கள். ஆனால் குரல், உலையின் சூட்டை அடுத்த ஷிப்டுக்காரனிடம் ஒப்படைக்கிற மாதிரி, அளவாக, தெளிவாக இருந்தது.

"ஆடுறேன், டெஸ். மூணு வாரமா. ஜோயலுக்காக இல்ல, எனக்காக. நிறுத்த முடியல. யாராவது என்னை வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க."